கரும்புள்ளி விழுந்த மாம்பழம் – குற்றம் யாருடையது?



மாம்பழ சீசன் வந்துவிட்டால் நம் குழுக்களில் பல பேருக்கு இரண்டு மாதம் தூக்கம் குறைவுதான். சிலர் சேர்ந்து நாலு மரம், எட்டு மரம் என்று குத்தகைக்கு எடுக்கிறோம். சிலர் மண்டியில் காயாக வாங்கி, வீட்டில் பழுக்கப் போட்டு, கூடையில் வைத்து ஊர் ஊராக விற்கிறோம். இதற்கான முதல் எங்கிருந்து வருகிறது? குழுவில் வாங்கும் உள்கடனில் இருந்துதான். பழம் நல்லபடியாக விற்றால் கடன் அடையும், கையிலும் நாலு காசு நிற்கும். பழம் அழுகினால் கடன் மட்டும்தான் நிற்கும்.

பழம் அழுகும்போது பணம் மட்டும் போவதில்லை. சில சமயம் குழுவின் ஒற்றுமையும் போய்விடுகிறது. எங்கள் கூட்டமைப்பில் அப்படி ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லிவிட்டு நோயைப் பற்றிச் சொல்கிறோம்.

நடந்தது என்ன?

கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ள நம் குழு ஒன்று, உள்கடன் வாங்கி சில செந்தூரா மரங்களையும் பெங்களூரா மரங்களையும் குத்தகைக்கு எடுத்தது. காய் நன்றாகப் பிடித்திருந்தது. மரத்தில் பார்க்கும்போது ஒரு புள்ளிகூட இல்லை. பறித்த காயை, இடவசதி உள்ள ஒரு உறுப்பினர் வீட்டில் வைக்கோல் பரப்பிப் பழுக்கப் போட்டார்கள். பழத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையதுதான்.

நாலாம் நாள் நிறம் திரும்பியது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் பழத்தின் மேல் மிளகு தூவினமாதிரி கறுப்புப் புள்ளிகள். அன்று சாயங்காலத்துக்குள் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து குழி விழுந்துவிட்டது. மறுநாள் சந்தைக்கு எடுத்துப்போனால் ஆளுக்கு ஆள் பழத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பிறகு என்ன? பேச்சு கிளம்பிவிட்டது. "ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருப்பாங்க", "வைக்கோலைக் காயவைக்கவே இல்லை", "கதவைத் தொறந்து காத்துவிடச் சொன்னோமே, விட்டாங்களா?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தச் சகோதரி குழுக் கூட்டத்தில் அழுதுவிட்டார். "என் சேமிப்பைக் கணக்குப் பாத்துக் குடுத்துடுங்க அக்கா, நான் விலகிக்கறேன்" என்றார். உண்மையைச் சொல்கிறோம், கூட்டமைப்பில் இருக்கும் நாங்களும் முதலில் அவர் கவனக்குறைவு என்றுதான் நினைத்தோம்.

ஊக்குநர் மட்டும் அவசரப்படவில்லை. அழுகிய பழம் நாலையும், அந்த மரத்தின் இலையையும் ஒரு பையில் போட்டு, உதவி தோட்டக்கலை அலுவலரிடம் எடுத்துப் போனார். அந்த மேடம் பழத்தை ஒரு தடவை பார்த்தார், இலையைத் திருப்பிப் பார்த்தார். "இது உங்க வீட்டுல வந்ததில்லைங்க. மரத்துல, பூவா இருக்கும்போதே வந்தது" என்றார்.

சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் குழுவில் ஒரு சோதனை செய்தார்கள். அதே மரத்தில் மிச்சம் இருந்த காயைப் பறித்து மூன்று வீட்டில் பிரித்து வைத்தார்கள். வேறு ஒரு தோட்டத்தில், நன்றாகக் கவாத்து செய்த மரத்துக் காயை வாங்கி, குற்றம் சாட்டப்பட்ட சகோதரி வீட்டில் வைத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? முதல் மரத்துக் காயில் மூன்று வீட்டிலும் கரும்புள்ளி வந்தது. இந்தச் சகோதரி வீட்டில் வைத்த மற்ற தோட்டத்துப் பழம் சுத்தமாகப் பழுத்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அவரிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதினார்கள். இனி வேறு எந்தக் குழுவிலும் இப்படி ஒருவர் மேல் பழி விழக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

இதை நாம் கரும்புள்ளி நோய் என்று சொல்கிறோம். தோட்டக்கலை அலுவலர்கள் ஆந்த்ராக்னோஸ் என்பார்கள். கரி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. புள்ளியின் நிறத்தைப் பார்த்தாலே பெயர்ப் பொருத்தம் தெரியும்.

இதற்குக் காரணம் கொல்லெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சாணம். மழைக்காலத்தில் ஊறுகாய் மேல் பூக்கிறதே பூஞ்சை, அதுபோல இதுவும் ஒரு வகை. கண்ணுக்குத் தெரியாத விதைத்தூள் மூலம் பரவும்.

இந்தப் பூஞ்சாணம் எங்கே குடியிருக்கிறது? மரத்தில் காய்ந்து நிற்கும் குச்சிகளில், கருகிப்போய்த் தொங்கும் பழைய பூங்கொத்துகளில், நோய் பிடித்த இலைகளில், கீழே உதிர்ந்து கிடக்கும் சருகில். மழையோ பனியோ பட்டு அவை நனைந்ததும் விதைத்தூள் கிளம்பும். மழைத்துளி தெறிக்கும்போது கூடவே தெறித்து இளம் இலை, பூ, பிஞ்சு மேல் போய் விழும். அங்கே ஈரம் பல மணி நேரம் காயாமல் இருந்தால் முளைத்துவிடும். அதனால்தான் பூக்கும் காலத்தில் மூடுபனியும் தூறலும் உள்ள வருஷம் இந்த நோய் அதிகம்.

பச்சைக்காயில் ஏன் தெரிவதில்லை?

நம்மை ஏமாற்றுவது இந்த இடம்தான். பிஞ்சின் மேல் விழுந்த விதைத்தூள் முளைத்து, தோலை மெல்லத் துளைத்து, அதற்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மேலே வளராது. காரணம், பச்சை மாங்காயின் தோலில் பூஞ்சாணத்தை வளரவிடாத சில பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. அவை இருக்கும்வரை பூஞ்சாணம் தூங்கிக்கொண்டிருக்கும்.

காய் பழுக்கப் பழுக்க அந்தக் காவல் குறைந்துபோகிறது. தோல் இளகுகிறது, இனிப்பு ஏறுகிறது. தூங்கியது விழித்துக்கொள்கிறது. தை மாதம் பூவிலும் பிஞ்சிலும் புகுந்தது வைகாசியில் கூடையில் வைத்து முகத்தைக் காட்டுகிறது. பார்ப்பவர்களுக்கோ நேற்றுவரை நன்றாக இருந்த பழம் ஒரே ராத்திரியில் கெட்டதுபோலத் தெரிகிறது.

எனவே சகோதரிகளே, பழுக்க வைத்தவர் கையில் பழம் அழுகியது என்பதற்காக அவர் கையால் அழுகியது என்று ஆகாது. அதற்காகப் பழுக்க வைக்கும் இடத்தில் கவனம் தேவையில்லை என்றும் நினைக்கக் கூடாது. ஈரமும் காற்றில்லாத புழுக்கமும் நோயை வேகப்படுத்தும். ஆனால் நோயைக் கொண்டுவந்தது அந்த இடம் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காயைப் பார்த்தால் தெரியாது. மரத்தைப் பார்த்தால் தெரியும்.

இலை: இளம் இலையில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரும். பிறகு புள்ளி காய்ந்து உதிர்ந்து இலையில் ஓட்டை விழும். ஓரம் கருகும்.

பூ: பூங்கொத்தின் காம்பில் கறுப்புப் பொட்டுகள். பூக்கள் கருகி உதிரும். நோய் கடுமையாக இருந்தால் கொத்தே காய்ந்து கறுப்பாகத் தொங்கும். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதே கறுத்துக் கொட்டிவிடும்.

பழம்: பழுக்கும்போது கறுப்புப் புள்ளிகள் வந்து, பெரிதாகி, குழி விழும். சில பழத்தில் காம்பில் இருந்து கண்ணீர் வழிந்த தடம்போல நீளக் கோடாகக் கறுப்பு இறங்கும். மழைத் தண்ணீர் விதைத்தூளை மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வந்த பாதை அது. ஈரமான இடத்தில் வைத்திருந்தால் புள்ளியின் மேல் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று ஒன்று பூக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அழுகல் காம்பைச் சுற்றி வட்டமாகத் தொடங்கி, பழுப்பாகக் கீழே இறங்கினால் அது வேறு நோய். அதைக் காம்பழுகல் என்பார்கள். காயைக் காம்பு இல்லாமல் பிய்த்து எடுப்பதும், மண் தரையில் போட்டு வைப்பதும் அதற்கு வழிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 100 கிலோ காயை கிலோ 25 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2,500 ரூபாய் ஆகிறது. வண்டிக்கூலி 200 ரூபாய். மொத்தம் 2,700 ரூபாய். கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 4,000 ரூபாய் வரும். லாபம் 1,300 ரூபாய்.

இதில் 30 கிலோ அழுகினால் 70 கிலோவுக்கு 2,800 ரூபாய்தான் வரும். மிச்சம் 100 ரூபாய். 40 கிலோ அழுகினால் 2,400 ரூபாய் வரும். கையில் இருந்து 300 ரூபாய் போய்விடும். நம் கூலியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கூடையில் மூன்றில் ஒரு பங்கு கெட்டாலே உழைப்பு வீண் என்பது தெரிகிறதா?

என்ன செய்யலாம்? வேலையை நாலாகப் பிரிப்போம்

1. அறுவடை முடிந்ததும் – மரத்தைச் சுத்தம் செய்தல்

ஆடி, ஆவணி மாதங்களில் காய் முடிந்த மரத்தில் காய்ந்த குச்சி, நோய் பிடித்த கிளை, கறுத்துத் தொங்கும் பூங்கொத்து எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். உள்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் கிளைகளையும் கழித்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே போகும். பனி சீக்கிரம் காயும். வெட்டியதையும் உதிர்ந்த சருகையும் மரத்தடியிலேயே போட்டுவைத்தால் செய்த வேலை வீண். தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குழியில் போட்டு மண் மூடுங்கள்.

கவாத்து செய்த பிறகு 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம். பிரான்ஸ் நாட்டில் 1885-ஆம் ஆண்டில் திராட்சைத் தோட்டத்துக்காக வந்த மருந்து இது. இன்றும் பயன்படுகிறது. 10 லிட்டர் செய்ய, 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே அதில் துத்தத் தண்ணீரை ஊற்றுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் வேண்டாம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, துரு இல்லாத இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் கலவையில் நனைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

2. பூ, பிஞ்சுக் காலம் – காவல் போடுதல்

நோய் உள்ளே நுழையும் நேரம் இது. வாசலில் காவல் போடுவதுபோல இப்போதுதான் காவல் வேண்டும். நோய் நுழைந்தபின் என்ன தெளித்தாலும் பலன் குறைவு.

சூடோமோனாஸ் என்பது நன்மை செய்யும் நுண்ணுயிர். பூஞ்சாணத்தை எதிர்க்கும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் கலந்து, அக்டோபரில் தொடங்கி 3 வாரத்துக்கு ஒரு முறை, பூ வரும் கிளைகளிலும் பூங்கொத்திலும் 5 முதல் 7 முறை தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இது உயிருள்ள மருந்து. வாங்கும்போது தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் பாருங்கள். வெயிலில் வைக்காதீர்கள். சாயங்காலம் தெளியுங்கள். ரசாயன மருந்தோடு சேர்த்துக் கலக்கவே கூடாது.

நோய் அதிகமாக இருந்தால், லிட்டருக்கு மேன்கோசெப் 2 கிராம் அல்லது கார்பன்டாசிம் 1 கிராம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரையில் உள்ள அளவு. ஒரே மருந்தையே திரும்பத் திரும்பத் தெளித்தால் பூஞ்சாணத்துக்குப் பழகிவிடும். இன்றைக்கு எந்த மருந்துக்கு அனுமதி இருக்கிறது, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, டப்பாவில் உள்ள சீட்டையும் படித்துவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். முன்பு மாம்பழத்தை நனைத்தெடுக்கச் சொல்லிவந்த பெனோமைல் என்ற மருந்து 2018-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து யாராவது சொன்னாலும் வாங்காதீர்கள்.

பூ முழுவதும் விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். ஈயும் தேனீயும் செத்துவிட்டால் காயே பிடிக்காது.

மருந்து கலக்கும் வேலை பல வீட்டில் பெண்கள் தலையில்தான் விழுகிறது. கையுறை, முகத்துணி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பக்கத்திலேயே வரக் கூடாது. சமையல் பாத்திரத்தில் மருந்து கலக்கக் கூடாது.

3. பறிக்கும்போது – அடிபடாமல் இறக்குதல்

கிளையை உலுக்கிக் காயைத் தரையில் விழவிடாதீர்கள். தொரட்டியில் வலைப்பை கட்டிப் பறியுங்கள். காம்பு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். காம்பு ஒடிந்தால் பால் வழிந்து தோலைச் சுட்டுவிடும். அந்தப் புண் வழியாக வேறு அழுகலும் நுழையும். பறித்த காயை மண்ணில் குவிக்காமல் சாக்கு, தார்ப்பாய், பிளாஸ்டிக் பெட்டி எதிலாவது வையுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது பறிக்க வேண்டாம். அடிபட்ட காய், வெடித்த காய், கண்ணீர்த் தடம் உள்ள காயைத் தனியே பிரியுங்கள். அடிபடாத பச்சைக்காயை ஊறுகாய்க்கோ வற்றலுக்கோ அன்றே அனுப்பிவிட்டால் காசாவது தேறும்.

4. பறித்த அன்றே – வெந்நீர்க் குளியல்

மருந்தே இல்லாமல் குழுவாக நாமே செய்யக்கூடிய வேலை இதுதான். தூங்கும் பூஞ்சாணம் தோலுக்குச் சற்று அடியில்தான் இருக்கிறது. சரியான சூடு அதுவரை போனால் பூஞ்சாணம் செத்துவிடும். பழத்துக்கு ஒன்றும் ஆகாது.

அளவு: 52 டிகிரி செல்சியஸ் வெந்நீர். நேரம்: 10 நிமிடம்.

50-க்குக் கீழே போனால் பூஞ்சாணம் சாகாது. 55-க்கு மேலே போனால் தோல் வெந்து பழம் கெட்டுவிடும். "கைபொறுக்கற சூடு" என்ற கணக்கு இங்கே உதவாது. தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள். அது 42 டிகிரியோடு முடிந்துவிடும். 100 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். குழுவுக்கு ஒன்று வாங்கினால் போதும்.

செய்யும் முறை:

– பெரிய அண்டாவில் 50 லிட்டர் தண்ணீரை 54 டிகிரி வரை சுடவைத்து, அடுப்பைக் குறையுங்கள்.

– முற்றிய, அடிபடாத காய் 10 கிலோவை முதலில் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு வலைப்பையில் போட்டு வெந்நீரில் முழுவதும் மூழ்கும்படி அமுக்கி வையுங்கள். மேலே மிதந்தால் மிதந்த பக்கத்தில் பலன் இருக்காது.

– காயை உள்ளே விட்டதும் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பக்கத்தில் ஒரு பானையில் கொதிநீர் தயாராக இருக்கட்டும். காயின் மேல் படாமல் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, 52-ல் நிறுத்துங்கள். அதிகமானால் பச்சைத்தண்ணீர் ஊற்றுங்கள்.

– ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்க்கட்டும், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் 20 நிமிடம் ஆகிவிடக் கூடாது.

– எடுத்ததும் நிழலில் சுத்தமான துணி மேல் பரப்பி ஆறவிடுங்கள். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகுதான் பழுக்கப் போட வேண்டும்.

எல்லா ரகமும் ஒரேமாதிரி சூடு தாங்காது. புது ரகம் என்றால் முதலில் பத்துக் காயில் மட்டும் செய்து, பழுத்தபின் பார்த்துவிட்டு மற்றதில் செய்யுங்கள். புள்ளி விழுந்துவிட்ட பழத்தை வெந்நீர் குணப்படுத்தாது. முற்றாத காயையும் இதில் போடக் கூடாது. நோய் முழுவதும் போய்விடும் என்று சொல்லவும் மாட்டோம். நன்றாகக் குறையும். மரத்தைச் சுத்தமாக வைத்து, பூவிலும் காவல் போட்டு, கடைசியில் வெந்நீரும் செய்தால் பலன் கூடுதல்.

பழுக்கப் போடும்போது

காய்ந்த வைக்கோல், காற்றோட்டமான அறை, இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். தினம் ஒரு முறை பார்த்து, புள்ளி வந்ததை முதலில் எடுத்துவிடுங்கள். கரும்புள்ளி ஒரு பழத்தில் இருந்து அடுத்த பழத்துக்குப் பெரும்பாலும் கூடையில் தாவாது. ஆனால் மற்ற அழுகல்கள் தாவும்.

சிலர் சீக்கிரம் பழுக்க "கல்லு" வைக்கிறார்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. தின்பவருக்கும் கேடு, வைப்பவருக்கும் கேடு. பிடிபட்டால் குழுவின் பேரும் போகும்.

தோலில் ஒன்றிரண்டு சின்னப் புள்ளி இருக்கும் பழத்தை அந்த இடத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு வீட்டில் உடனே சாப்பிடலாம். குழி விழுந்து இளகிய பழத்தை ஜாமுக்கும் கூழுக்கும் சேர்க்கவே கூடாது. விற்கிற பொருளில் நம் குழுவின் பெயர் இருக்கிறது.

குத்தகை எடுக்கும் குழுக்கள் கவனத்துக்கு

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பூவைப் பார்த்தோ காயைப் பார்த்தோதான் மரத்தைக் குத்தகைக்கு எடுக்கிறோம். அதற்குள் கவாத்து செய்யும் காலம் முடிந்துவிடுகிறது. மரத்துக்காரர் சுத்தம் செய்யாமல் விட்டதற்கு நாம் நஷ்டப்படுகிறோம். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் காயை மட்டும் எண்ணாதீர்கள். நாலு பேர் சேர்ந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். காய்ந்த குச்சி நிறைய நிற்கிறதா? போன வருஷத்துக் கருகிய கொத்து தொங்குகிறதா? இலையில் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு மரம் பாருங்கள். முடிந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் பேசி, கவாத்து யார் செய்வது, செலவு யாருடையது என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் நாம் போடும் உழைப்பு அடுத்த வருஷம் நமக்கே திரும்பி வரும்.

மலைப்பகுதிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் பிளம்ஸ், பீச் பழம் விற்கும் குழுக்களும் உண்டு. குளிர்நாடுகளில் இந்தப் பழங்களைப் பிடிக்கும் பழுப்பு அழுகல் நோயும் ஏறக்குறைய இதே கதைதான். மொனிலினியா என்ற பூஞ்சாணம் பூவில் நுழையும், காய் பழுக்கும்போது வெளியே வரும். அழுகிய பழம் மரத்திலேயே வற்றிச் சுருங்கித் தொங்கும். அடுத்த வருஷத்துக்கான விதைத்தூள் அதிலிருந்துதான் கிளம்பும். மாம்பழத்துக் கரும்புள்ளிபோல இல்லாமல் இது ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துப் பழத்துக்கும் தாவும். எனவே வற்றிய பழத்தை ஒன்றுவிடாமல் பறித்துப் புதைப்பதுதான் அங்கேயும் முதல் வேலை.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

– நம் குழுவில் போன சீசனில் எத்தனை கிலோ அழுகியது? யாராவது கணக்கு எழுதினோமா?

– அழுகிய பழம் எந்த மரத்துப் பழம் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்த முறை கூடையில் சீட்டு ஒட்டி வைப்போமா?

– தெர்மாமீட்டரும் அண்டாவும் வாங்கப் பொது நிதியில் எவ்வளவு எடுக்கலாம்?

– நஷ்டம் வந்தபோது யார் மேலாவது பழி போட்டோமா? அது சரிதானா?

மேலே சொன்ன குழுவில் இந்த சீசனுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிட்டார்கள். அதைப் பார்த்துச் சூட்டைச் சொல்லும் வேலையை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? அன்று அழுதுகொண்டே விலகுகிறேன் என்று சொன்ன அதே சகோதரியிடம்தான். "ஐம்பத்திரண்டு தாண்டுச்சுன்னா என்கிட்ட யாரும் தப்பிக்க முடியாது" என்று சிரிக்கிறார்.

உங்கள் குழுவிலும் செய்து பாருங்கள். என்ன ஆனது என்பதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நன்றாக வந்தாலும் எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள். அடுத்த இதழில் மற்ற சகோதரிகளுக்குச் சொல்வோம்.